பன்றி எருவும் கிணற்று நீரும்

பயிருக்கென நிலத்தில் இடப்படும் எருவிலுள்ள தழைச்சத்து முழுவதும் பயிரையே சென்றடைவதில்லை. அதில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மற்றொரு பகுதி மழைநீரில் கரைந்து, வேர்களின் எல்லையைத் தாண்டி மண்ணின் ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது. முதல் வகை இழப்பை மூக்கு உணர்த்திவிடும். இரண்டாவது இழப்பு கண்ணுக்கும் தெரியாது, மூக்கிற்கும் எட்டாது. பல ஆண்டுகள் சென்றபின் கிணற்று நீரைச் சோதனைக் கூடத்திற்கு அனுப்பும்போதுதான் அது வெளிப்படும். அப்போது உழவர் இழந்தது ஒன்றாகவும், ஊரார் அடைந்த கேடு மற்றொன்றாகவும் தோன்றினாலும், இரண்டும் ஒரே பொருளின் இரு முகங்களே ஆகும்.

வேளாண் அறிவியலில் கரைந்திறங்கல் எனக் கூறப்படும் இந்த நிகழ்ச்சி எல்லா எருக்களிலும் உண்டு, யூரியாவிலும் உண்டு. ஆயினும், பன்றி எருவில் அது விரைவாகவும் மிகுதியாகவும் நிகழ்கிறது. இதன் காரணத்தை அறிந்துகொள்வது, பன்றி வளர்ப்பு பெருகிவரும் பகுதிகளில் பணியாற்றும் அலுவலர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

எருவின் இயல்பு

பன்றி தான் உண்ணும் தீவனத்திலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினையே தன் உடலில் தசையாகச் சேர்த்துக்கொள்கிறது. எஞ்சியது கழிவாக வெளியேறுகிறது. அக்கழிவிலும் பாதிக்கு மேற்பட்ட நைட்ரஜன் சாணத்தில் அன்றிச் சிறுநீரில், யூரியா வடிவில் அமைந்துள்ளது. சாணமும் சிறுநீரும் கலந்தவுடன், சாணத்திலுள்ள நுண்ணுயிர்களின் நொதி அந்த யூரியாவைச் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அம்மோனியமாக மாற்றிவிடுகிறது.

மாட்டெருவில் வைக்கோலும் செரிக்காத நாரும் மிகுந்திருக்கும். அந்த நார் மட்கும்போது நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தம் உடலில் பிடித்து வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகவே வெளிவிடும். தொழுவுரம் மூன்று ஆண்டுகளுக்குப் பேசும் என்று உழவர் கூறுவதன் பொருள் இதுவே. தானியமும் புண்ணாக்கும் தின்று வளரும் பன்றியின் கழிவில் அத்தகைய நார் குறைவு. சாணம், சிறுநீர், கொட்டில் கழுவிய நீர் ஆகிய மூன்றும் கலந்த எருக்குழம்பில் டன் ஒன்றுக்குச் சுமார் 3 முதல் 5 கிலோ வரை நைட்ரஜன் காணப்படும். அதில் 60 முதல் 70 விழுக்காடு வரை உடனே பயன்படக்கூடிய அம்மோனியமாகவே இருக்கும். ஆகவே பன்றி எருக்குழம்பினைத் தொழுவுரத்தின் உறவாகக் கருதுவதைவிட, நீரில் கரைத்த இரசாயன உரத்தின் உறவாகக் கருதுவதே பொருத்தமாகும். தொழுவுரத்தை இடும் பழக்கத்தில் அதனை இடுவதிலிருந்தே இடர்ப்பாடு தொடங்குகிறது.

மண்ணுக்குள் நிகழ்வது

அம்மோனியம் நேர்மின்னேற்றம் உடையது. களிமண் துகள்களும் மக்கும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆகையால் அம்மோனியம் மண்ணில் ஒட்டிக்கொண்டு தங்குகிறது. ஆனால் அது நெடுநாள் அவ்வாறு இருப்பதில்லை. மண்ணில் வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. காற்றோட்டமும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் சில வாரங்களில் இந்த மாற்றம் முடிந்துவிடும்.

நைட்ரேட் எதிர்மின்னேற்றம் உடையது. மண் துகள்கள் அதனை ஈர்ப்பதற்கு மாறாக விலக்குகின்றன. நீர் எங்குச் செல்கிறதோ அங்கு நைட்ரேட்டும் செல்லும். மழையின் அளவு, ஆவியாதலையும் மண் ஏற்கும் அளவையும் மிஞ்சும்போது, மிகுநீர் கீழ்நோக்கி இறங்குகிறது. நைட்ரேட்டும் அதனுடன் இறங்குகிறது. மணற்பாங்கான நிலத்தில் இது விரைவாகவும், களிமண்ணில் மெதுவாகவும் நிகழும். வெப்ப மண்டலத்தின் பழமையான செம்மண்களில் சிலவற்றில், ஆழத்திலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நைட்ரேட்டை ஓரளவு பிடித்து நிறுத்துவதுண்டு. ஆனால் அதனை நம்பித் திட்டமிடுவது அறிவுடைமை ஆகாது.

பயிரின் வேர் அந்த நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டால் இழப்பு இல்லை. ஆகவே கரைந்திறங்கலை முடிவு செய்வது எருவின் அளவு மட்டும் அன்று. நிலத்தில் நைட்ரேட் இருக்கும் காலமும், நீர் கீழிறங்கும் காலமும், பயிர் பசித்திருக்கும் காலமும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதே முக்கியமானதாகும்.

ஒரு சிறு கணக்கு

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரையில் அனுமதிக்கிறது. அதற்குமேல் தளர்வு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50 மில்லிகிராம். 45 மில்லிகிராம் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் சுமார் 10 மில்லிகிராம் ஆகும்.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் நீர் வேர்களைத் தாண்டி இறங்குவதாகக் கொள்வோம். அது 30 லட்சம் லிட்டர். அந்நீருடன் 30 கிலோ நைட்ரஜன் இறங்கினால், லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பு எட்டப்பட்டுவிடுகிறது. 50 கிலோ இறங்கினால் நைட்ரேட் அளவு 74 மில்லிகிராம் ஆகிறது. ஹெக்டேருக்கு 40 டன் எருக்குழம்பு இட்டால் சுமார் 160 கிலோ நைட்ரஜன் இட்டதாகும். அதில் ஐந்தில் ஒரு பங்கு தப்பிச் சென்றாலே கிணற்று நீர் குடிப்பதற்குத் தகாததாகிவிடும் என்பது இதனால் விளங்கும்.

இதே கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. மழை மிகுந்த பகுதியில் 1,000 மில்லிமீட்டர் நீர் கீழிறங்குமானால், 100 கிலோ நைட்ரஜனைப் பறிகொடுத்த பின்னரே நீரில் வரம்பு எட்டப்படும். அதாவது, மழை குறைந்த பகுதியில் சிறு இழப்பும் கிணற்றைக் கெடுத்துவிடுகிறது. மழை மிகுந்த பகுதியிலோ பேரிழப்பு நேர்ந்தும் கிணறு தூய்மையாகவே தோற்றமளிக்கிறது. கிணற்று நீர் வரம்பிற்குள் இருக்கிறது என்பதனால் எரு வீணாகவில்லை என்று முடிவு செய்வது பிழையாகும்.

நைட்ரேட்டின் கேடு முதன்முதலில் குழந்தைகளிடமே அறியப்பட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் கலக்கிய புட்டிப்பால் அருந்திய கைக்குழந்தைகள் உடல் நீலம்பாரித்து நோயுற்றதை மருத்துவர் ஹன்டர் காம்லி 1945இல் எழுதினார். குழந்தையின் குடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாததாக ஆக்குகிறது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இந்த அபாயம் அதிகம். நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. நீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் செறிவு உயரவே செய்யும். இச்செய்தியைத் தாய்சேய் நலப் பணியாளர்கள் அறிந்திருப்பது நல்லது.

டென்மார்க்கின் அனுபவம்

இத்துறையில் நீண்டதும் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டதுமான அனுபவம் டென்மார்க்கினுடையது. நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு சாகுபடிக்கு உட்பட்ட அந்நாட்டில், பன்றிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைப் போல் சுமார் இரு மடங்காகும். குடிநீர் அனைத்தும் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. மேற்கே ஜட்லாந்தில் மணற்பாங்கான நிலம். பன்றிப் பண்ணைகளும் அங்கு மிகுதி. நாட்டைச் சூழ்ந்துள்ள கடலோ ஆழமற்றது. இவை யாவும் ஒன்று சேர்ந்ததால், பிற நாடுகள் பின்னர் உணர்ந்ததை டென்மார்க் முன்னதாகவே உணர வேண்டியதாயிற்று.

1986 அக்டோபரில் காட்டெகாட் கடலிலிருந்து இறந்த இறால் வகைகளை மீனவர்கள் கில்லெலைய துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கினர். தொலைக்காட்சியில் இக்காட்சியைக் கண்டு நாடே அதிர்ச்சியடைந்தது. வயல்களிலிருந்து வடிந்த நைட்ரஜன் கடலில் பாசியைப் பெருக்கியது. பாசி இறந்து அழுகும்போது அடிநீரிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோயிற்று. அதன் விளைவே அந்த அழிவு. அடுத்த ஆண்டிலேயே, 1987இல், நாடாளுமன்றம் முதலாவது நீர்ச்சூழல் செயல்திட்டத்தை ஏற்றது. நைட்ரஜன் கசிவினைக் கிட்டத்தட்ட பாதியாக, சரியாகச் சொன்னால் 49 விழுக்காடு, குறைப்பது அதன் குறிக்கோள். அதற்கு 1993 வரை கெடு விதிக்கப்பட்டது. கெடுவிற்குள் அது நிறைவேறவில்லை. 1998இல் இரண்டாவது திட்டம் தேவைப்பட்டது. 2003ஐ ஒட்டியே குறிக்கோள் ஏறக்குறைய எட்டப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் முடியும் என எண்ணிய பணிக்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின என்பதைத் திட்டமிடுவோர் நினைவில் கொள்ளவேண்டும்.

அத்திட்டங்களில் இடம்பெற்ற விதிகள் பல. ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கால்நடைக்குமேல் எரு இடலாகாது என்று வரையறுத்தனர். பன்றிப் பண்ணைகளுக்கு அது நீண்டகாலம் ஹெக்டேருக்கு 140 கிலோ எரு நைட்ரஜனாக இருந்தது. ஒவ்வொரு பண்ணையும் உரக் கணக்கு எழுதி அரசுக்கு அளிக்க வேண்டும். குழம்பினை விசிறி வீசுவது 2003இல் தடை செய்யப்பட்டது. தரையோடு இழுபடும் குழாய்களாலோ, மண்ணைக் கீறிச் செலுத்தும் கருவியாலோ இடவேண்டும். அறுவடைக்குப்பின் நிலத்தின் ஒரு பகுதியில் நைட்ரேட்டைப் பிடிக்கும் இடைப்பயிர் விதைக்கவேண்டும்.

ஆனால் இவ்விதிகள் அனைத்திற்கும் அடிப்படையாக அமைந்தது ஒன்று உண்டு. அது எருவைச் சேமித்து வைக்கும் தொட்டி. முன்பெல்லாம் சிறு குழிகள் அறுவடைக்குப்பின் நிரம்பிவிடும். நிரம்பியதை எங்கேனும் கொட்டியாக வேண்டும். ஆகவே இலையுதிர் காலத்தில் வெற்று நிலத்தில் எருக்குழம்பு பாய்ச்சப்பட்டது. அங்குக் குளிர்காலமே நீர் கீழிறங்கும் காலம். ஆவியாதல் அப்போது மிகக் குறைவு. செப்டம்பரில் விதைக்கும் கோதுமை, குளிருக்கு முன் சிறிதளவு நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். எஞ்சியது வசந்தம் வருவதற்குள் மண்ணைவிட்டு நீங்கிவிடும். உழவர் எருவை இட்டனர் என்பதைவிட, எருவை ஒழித்தனர் என்பதே சரியாகும்.

இதனைத் தடுக்க, அறுவடை முதல் பிப்ரவரி முதல் நாள் வரை எருக்குழம்பு இடுவது, புல், கடுகினப் பயிர் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டது. தடை மட்டும் விதித்திருந்தால் அது காகிதத்தோடு நின்றிருக்கும். எனவே ஒன்பது மாதக் கழிவினைக் கொள்ளத்தக்க தொட்டிகளை அமைக்குமாறு பண்ணைகள் பணிக்கப்பட்டன; அரசு உதவியும் அளிக்கப்பட்டது. தொட்டி வந்தபின்தான் உழவர், எருவைப் பயிர் கேட்கும் வேளையில் இட இயன்றது. எரு நைட்ரஜனில் 100 கிலோவை, பன்றி எருக்குழம்பாயின் உரத்தில் 75 கிலோவுக்கு ஈடாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற விதியையும் அதன் பின்னரே நடைமுறைப்படுத்த முடிந்தது. இதனால் 1990க்கும் 2003க்கும் இடையில் இரசாயன நைட்ரஜன் உரப் பயன்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் பன்றி உற்பத்தி குறையவில்லை, பெருகியது. உரத்தின் மீது செலவிட்டிருக்க வேண்டிய பணம் உழவருக்கு மிச்சமாயிற்று என்பதைச் சுற்றுச்சூழல் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இவ்வெற்றி முழுமையானதன்று. பொருளாதார உகப்பு அளவினைவிடக் குறைவாக நைட்ரஜன் இடவேண்டும் என்ற 1998ஆம் ஆண்டு விதி தானியத்தின் புரத அளவைத் தாழ்த்துகிறது என்று உழவர் நெடுங்காலம் முறையிட்டனர்; 2015 இறுதியில் ஏற்கப்பட்ட வேளாண் உடன்பாட்டின்படி அது கைவிடப்பட்டது. கடலின் நிலையும் முழுமையாகத் தேறவில்லை. 2024 ஏப்ரலில் வைலெ நகரை ஒட்டிய கடற்கழிக்குச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இறுதிச் சடங்கே நடத்தினர். அவ்வாண்டு இறுதியில், சாகுபடி நிலத்தின் ஒரு பகுதியைக் காடாகவும் இயற்கை நிலமாகவும் மாற்றவும், கால்நடைகளின் வாயு வெளியீட்டிற்கு 2030 முதல் வரி விதிக்கவும் அந்நாட்டில் உடன்பாடு ஏற்பட்டது. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, மேல்மட்டப் படுகைகளில் நைட்ரேட் அளவு 1980களில் உச்சத்தை அடைந்து பின்னர் இறங்கத் தொடங்கியது. ஆழ்ந்த படுகைகளிலுள்ள நீர் பல பத்தாண்டுகளுக்கு முன் பெய்த மழையாகும். அங்கு இன்று காணப்படுவது முந்தைய தலைமுறையின் எரு.

நெதர்லாந்து வேறு வழியில் சென்றது. பன்றி, கோழிப் பண்ணைகளின் விரிவாக்கத்தை 1984இல் ஓர் இடைக்காலச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பின்னர் 1998இல் பண்ணைக்குள் வரும் சத்து, வெளியேறும் சத்து இரண்டையும் கணக்கிட்டு மிகுதிக்குத் தண்டம் விதிக்கும் முறையைக் கொணர்ந்தது. ஐரோப்பிய சமூகத்தின் 1991ஆம் ஆண்டு நைட்ரேட் கட்டளை, மாசுக்கு ஆட்படும் பகுதிகளில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 170 கிலோ எரு நைட்ரஜன் என்ற வரம்பினை விதித்திருந்தது. தண்டமுறை அதற்கு ஈடாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்ததால் அம்முறை கைவிடப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் நேர்த்தியாக அமைந்த முறை அது. ஆனால் எருவின் அளவிற்கு நேரான வரம்பு அதில் இல்லை.

இந்திய நிலைமை

இந்தியாவில் 2019இல் நடந்த இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி பன்றிகளின் எண்ணிக்கை சுமார் 90 லட்சம். முந்தைய கணக்கெடுப்பைவிட இது 12 விழுக்காடு குறைவு. சுமார் 21 லட்சம் பன்றிகளுடன் அசாம் முதலிடம் வகித்தது. பின்னர் 2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முறையாகத் தோன்றிப் பெருஞ்சேதம் விளைவித்தது. பெரும்பான்மையான பன்றிகள் வீட்டின் பின்புறத்தில் இரண்டும் மூன்றுமாக வளர்க்கப்படுவன. அவற்றின் எரு காய்கறிப் பாத்தியையோ மீன்குளத்தையோ சென்றடைகிறது. ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பிற்கு 30 முதல் 40 பன்றிகள் என்ற அளவில் மீனும் பன்றியும் சேர்த்து வளர்க்கும் முறை நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. அந்த அளவில் டென்மார்க்கின் துன்பம் இங்கு எழுவதற்கு இடமில்லை.

இந்திய நிலத்தடி நீரில் நைட்ரேட் இல்லை என்பது இதன் பொருளன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், சோதித்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு 45 மில்லிகிராம் வரம்பினைத் தாண்டியிருந்தது. யூரியா, மனிதக் கழிவு, கால்நடைக் கழிவு ஆகிய அனைத்திற்கும் இதில் பங்குண்டு. பன்றி எருவின் பங்கு மிகச் சிறியதே. வடகிழக்கு மாநிலங்களில் வரம்பினைத் தாண்டிய மாதிரிகள் அரிது. ஆனால் மேலே கூறிய கணக்கின்படி, மழை மிகுந்த அப்பகுதியில் தூய கிணறு என்பது குறைந்த இழப்பிற்குச் சான்றாகாது.

கவனத்திற்கு உரியது வருங்காலமே. 2021இல் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கம், பன்றி இனப்பெருக்கப் பண்ணைகளுக்கு 50 விழுக்காடு மூலதன மானியம் அளிக்கிறது. பின்புறத்துப் பன்றி கொட்டிலுக்கும், கொட்டில் பண்ணைக்கும் மாறும்போது, எருவும் கூடையிலிருந்து குழாய்க்கு மாறுகிறது. நூறு பன்றிகளின் கழிவினை ஒரே இடத்தில் பெறும் பண்ணையாளரிடம் பெரும்பாலும் அதற்கேற்ற நிலம் இருப்பதில்லை. அருகிலுள்ள சிறு வயலில் அத்தனையும் சேருமானால், அவ்வயல் டென்மார்க்கின் மணல் நிலமாக மாறுவதற்கு அதிக காலம் ஆகாது.

பருவமழையும் எருவும்

டென்மார்க்கின் விதிகளை அப்படியே பெயர்த்து இங்கு நடுவது பயன்தராது. அங்குப் பயிர் வளரும் காலம் வேறு, நீர் கீழிறங்கும் காலம் வேறு. ஆகவே ஒரு தடைக்காலத்தை நாட்காட்டியில் குறித்துவிட முடிந்தது. இந்தியாவிலோ பயிர் வளர்வதும் மழை கொட்டுவதும் ஒரே பருவத்தில் நிகழ்கின்றன. ஜூன் மாதத்தில் மக்காச்சோளத்திற்கு அடியுரமாக இட்ட எருக்குழம்பு, செடிக்கு நான்கு இலை வருவதற்குள் இரண்டு பெருமழையைச் சந்தித்துவிடும். வெப்பமும் மிகுதியாதலால் அம்மோனியம் விரைவில் நைட்ரேட் ஆகிவிடும். வடகிழக்கு மலைகளின் அமில மண்ணில் இம்மாற்றம் சற்று மந்தமானது. விளைச்சலைப் பெருக்கச் சுண்ணாம்பு இடும்போது அது விரைவு பெறும் என்பதையும் உடன் நோக்கவேண்டும். சரிவான நிலங்களில் எரு கீழிறங்குவதற்கு முன் மேலோடும் நீருடன் ஓடைக்கே சென்றுவிடுவதும் உண்டு.

நீர் தேங்கிய நெல்வயல் இதற்கு விலக்காகும். அங்குக் காற்றில்லாத சேற்றில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவது தடைப்படுகிறது. சேறு குழப்பியதால் நீர் இறங்குவதும் குறைவு. ஆகவே எருக்குழம்பினைச் சேற்றோடு கலந்து உழுது, தேங்கிய நீரைக் கட்டிக் காத்தால் கரைந்திறங்கும் இழப்பு சிறிதே. வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டினால் மட்டும், காய்ந்தபோது தோன்றிய நைட்ரேட், நீர் கட்டியபின் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றில் போய்விடும்.

மேட்டு நிலப் பயிர்களுக்கு, மழைக்காலத்தில் ஒரே தடவையில் இடாமல் வேர் பரவிய பின்னர் இரண்டு மூன்று தவணையாக இடுவது நலம். இருப்பினும் எருவிற்கு மிகப் பொருத்தமான இடம் நவம்பரில் தொடங்கும் உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போன்ற பயிர்களே. அப்போது மழை இல்லை. பாசனநீரை அளவோடு விடலாம். இட்ட சத்து வேரடியிலேயே நிற்கும். ஆனால் மே முதல் அக்டோபர் வரை நாள்தோறும் சேரும் எருவை நவம்பர் வரை வைத்திருந்தால்தான் இது இயலும். இங்கும் கேள்வி தொட்டியிடமே வந்து நிற்கிறது.

சாண எரிவாயுக் கலன் அமைத்துவிட்டால் எருச் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. கலனுக்குள் கரிமப் பொருள் சிதைந்து மீத்தேன் ஆகிறது. நைட்ரஜன் எங்கும் செல்வதில்லை. உள்ளே சென்ற அளவே வெளியேறும் குழம்பிலும் இருக்கும். அதில் அம்மோனியத்தின் பங்கு முன்னிலும் கூடுதலாகும். எரிபொருளுக்காகவும் நோய்க்கிருமிகள் குறைவதற்காகவும் கலன் விரும்பத்தக்கதே. நைட்ரேட்டைப் பொறுத்தவரை அக்குழம்பிற்கு மேலும் கவனம் வேண்டும்.

சிறு வளர்ப்பாளருக்குத் தொட்டி தேவைப்படாது. சாணத்தை வழித்தெடுத்து வைக்கோலுடனும் சருகுடனும் அடுக்கி மட்கச் செய்தால், நுண்ணுயிர்கள் நைட்ரஜனின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். குவியலின்மேல் ஓர் ஓலைக் கூரை அவசியம். கூரையற்ற குவியலின் அடியிலிருந்து மழைக்காலத்தில் வடியும் கருநிற நீர்தான் அந்த எருவின் சாரம். அது கிணற்றடி நோக்கி ஓடுவதைப் பல ஊர்களில் காணலாம்.

தொட்டியும் கூரையும்

நூறு பன்றிகளைக் கொழுக்க வைக்கும் ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒரு பன்றிக்கு நாளொன்றுக்குச் சாணமும் சிறுநீரும் சிறிது நீரும் சேர்ந்து 5 லிட்டர் எனக் கொண்டால், ஆறு மாதத்தில் 90,000 லிட்டர், அதாவது 90 கன மீட்டர் குழம்பு சேரும். டன்னுக்கு 4 கிலோ வீதம் அதில் 360 கிலோ நைட்ரஜன் இருக்கும். இது 45 கிலோ மூட்டைகளில் 17 மூட்டை யூரியாவிலுள்ள சத்துக்கு நிகராகும். சேமிப்பில் ஆவியாகும் பகுதியைக் கழித்தாலும், இரண்டு ஹெக்டேர் உருளைக்கிழங்கிற்கு இது போதுமானது. கொட்டிலைக் கழுவுமுன் சாணத்தை உலர்ந்த நிலையில் வழித்தெடுத்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். குழாய்நீரைத் திறந்துவிட்டுக் கழுவும் பண்ணைகளில் கொள்ளளவு இரு மடங்கு தேவைப்படும், சத்தோ கூடாது.

2 மீட்டர் ஆழமும் 50 சதுர மீட்டர் பரப்பும் உள்ள தொட்டி 100 கன மீட்டர் கொள்ளும். ஆறு மாதத்திற்கு அது போதும் என மதிப்பீட்டில் எழுதிவிடலாம். ஆனால் அசாமிலும் மேகாலயாவிலும் பல இடங்களில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மே முதல் அக்டோபர் வரை 1,500 மில்லிமீட்டர் பெய்வதாகக் கொண்டால், திறந்த அத்தொட்டியில் மழைநீர் மட்டும் 75 கன மீட்டர் சேரும். நவம்பரில் உருளைக்கிழங்கிற்கெனச் சேமித்த எரு, ஆகஸ்ட் நடுவிலேயே கரைமீறி, அதே மழையில், அருகிலுள்ள வயலுக்கும் ஓடைக்கும் வழிந்தோடும். கொட்டிலின் கூரை நீரைத் தனி வாய்க்கால் வழியே வெளியேற்றுவதும், தொட்டியின்மேல் தகரக் கூரை வேய்வதும், அவற்றின் செலவைக் கட்டட மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே சேர்ப்பதும், அந்த வரைபடத்திற்கு ஒப்புதல் அளிக்கும் அலுவலரின் கையில் உள்ளன.